இரும்புத் துணிக்கையும் எண்ணெய்க்காப்பும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யான் கந்தபுராணத்தில் ஒரு படலத்தையோ, எமது கல்லூரியிற் கற்பித்துச் சென்ற பெரியோர் ஒருவரையோ பற்றி எழுதுவேனென்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். எழுதவும் தொடங்கினேன். ஆயின், சென்ற ஈராண்டாக என் சிந்தையைப் பற்றி நிற்கும் பொருள் வேறு. அது தலைமயிரின் பருமனில் எண்ணாயிரத்தில் ஒரு பங்கேயான இரும்பொட்சைட்டுத் துணிக்கையையும், அத்துணிக்கையைச் சூழ்ந்து நிற்கும் மெல்லிய படலத்தையும் பற்றியது. பொருள் விஞ்ஞானத்துக்கு உரியதாயினும் அதனை என்னிடம் கொணர்ந்தது தமிழே. ஆதலின் தமிழாசிரியன் ஒருவன் எல்லை கடந்தான் என எவரும் குறை கூறார் என நம்புகிறேன்.

எமது கல்லூரி விஞ்ஞான மன்றத்தைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவர் நால்வர், கண்காட்சி ஒன்றுக்கெனத் தாம் எழுதிய விளக்கப் பலகையை மொழி திருத்துதற்காக என்னிடம் கொண்டுவந்தனர். தலைப்பு இவ்வாறு இருந்தது: ‘இரும்பொட்சைட்டு நனோத் துணிக்கைகளின் காந்த இயல்பில் மேற்பரப்புப் பூச்சின் செல்வாக்கு’. சந்தியிற் பிழையில்லை. வேற்றுமையிற் பிழையில்லை. எனினும் ‘பூச்சு’ என்ற சொல்லில் என் சிவப்புப் பேனை நின்றது. “தம்பி, பூச்சு என்று நீர் எழுதுவது சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போன்ற ஒன்றையா?” என வினவினேன். “ஓம் சேர்” என்றார் அம்மாணவர். சற்று நின்று, “ஆனால் அப்படியும் இல்லை சேர்” என்றார். 

யான் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றவன். விஞ்ஞானம் கற்றது சாதாரண தரம் வரையிலேயே. ஆயின் பொருள் விளங்காத சொல்லைத் திருத்துதல் தமிழாசிரியனுக்கு அழகன்று. அன்று மாலையே எம் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் இன்று பல்கலைக்கழகமொன்றிற் பௌதிகவியல் விரிவுரையாளர். ஒரு காலத்தில் என்னிடம் நன்னூல் படித்தவர். இத்துறையில் இன்று எனக்கு ஆசிரியர். இக்கட்டுரையிற் சரியாக உள்ளனவற்றுள் பெரும்பகுதி அவர் தந்தது.

பொருளை முதலிற் சொல்லிவிடுகிறேன். இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த கரிய கனியம் மக்னற்றைற்று. பழையோர் காந்தக்கல் என்றது இதனையே. இதனை 10 நனோமீற்றர் அளவான மணிகளாக ஆக்கினால் அதன் குணம் மாறிவிடுகிறது. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரிற் பத்திலட்சத்தில் ஒரு பங்கு. பெரிய காந்தக்கல், தன்னை ஒருமுறை காந்தமாக்கிய திசையை நினைவில் வைத்திருக்கும். பத்து நனோமீற்றர் மணியோ அறையின் வெப்பத்தாலேயே தன் வடக்கையும் தெற்கையும் ஓயாது மாற்றிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து காந்தப்புலம் வந்தால் உடனே வரிசைக்கு வரும். புலம் அகன்றதும் யாவற்றையும் மறந்துவிடும். இம்மறதியின் கணக்கை 1949இல் வகுத்தவர் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் லூயி நீல். அவருக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. மாணவர் இக்கணக்கைச் செய்து காட்டினர். ஏறத்தாழச் சொன்னால், 10 நனோமீற்றர் மணி சில நூறு கோடியில் ஒரு செக்கனுள் திசை மாறுகிறது. 20 நனோமீற்றர் மணி பத்தாயிரத்தில் ஒரு செக்கன் அளவுக்குத் தாங்குகிறது. 30 நனோமீற்றர் ஆனாலோ பல ஆண்டுகள் மறவாது நிற்கும். விட்டம் மூன்று மடங்கானதற்கு நினைவு இத்துணை நீளுமென யான் கனவிலும் எண்ணியதில்லை. மாணவரை மறுபடியும் கணக்கிடச் செய்தேன், விடை மாறவில்லை.

இந்நினைவைப் பற்றி ஈண்டு ஒன்று சொல்லல் வேண்டும். 1990களிற் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தை எம் பழைய மாணவர் பலர் அறிவர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அவ்வாறே ஒலிநாடாக்களையும் கேட்டோம். என் பேரனார் கோயிலிற் புராணபடனத்திற் பயன் சொல்பவர். அவர் குரல் அடங்கிய ஒலிநாடா ஒன்று எம் வீட்டில் இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது அதனைத் துணிப்பொதியுள் வைத்து என் தாயார் எடுத்துவந்தார். அது இன்றும் ஒலிக்கிறது. அந்நாடாவின் கபிலநிறத் தூளும் இரும்பொட்சைட்டே. ஊசிபோல் நீண்ட, நனோ மணிகளினும் மிகப் பெரிய துணிக்கைகள். மறவாமைக்கெனவே செய்யப்பட்டவை. பேரனார் குரல் முப்பது ஆண்டுக்கு மேல் அவற்றில் தங்கியிருக்கிறது. மாணவர் செய்த கரிய மணிகள் அவர் சொல்லிய ஓரெழுத்தின் ஒலி முடியுமுன்னரே அதனை மறந்திருக்கும்.

அவ்வொலிநாடாவிலேயே எம் பொருளுக்கு முதற் சான்று ஒன்று உண்டு. 1970களின் நடுப்பகுதியில் யப்பானிய ரி.டி.கே. நிறுவனத்தார் வெளியிட்ட எஸ்.ஏ. என்னும் நாடாவில், இரும்பொட்சைட்டு ஊசிகளின் மேற்புறத்தில் மட்டும் கோபாற்றைச் சிறிதளவு ஏற்றியிருந்தனர். உள்ளே இருந்தது அதே பழைய ஒட்சைட்டு. புறத்தோல் மட்டும் புதிது. ஆயினும் பதிந்ததை அழித்தற்கு வேண்டிய காந்தப்புலம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்தது, ஒலியும் தெளிந்தது. புறத்தோலொன்று அகத்தின் குணத்தை ஆள்கின்றதெனில் அதனைப் பூச்சு என்று சொல்லித் தப்பிவிட முடியுமா?

மாணவர் செய்துகாட்டிய பரிசோதனை எளிது. இரு வகை இரும்புக் குளோரைட்டுகளை இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் நீரிற் கரைத்து, அமோனியாக் கரைசலை விரைவாகச் சேர்த்துக் கலக்கினர். மஞ்சட்கபில நிறமாயிருந்த நீர் கணத்திற் கறுத்தது. அக்கருமையே மக்னற்றைற்று மணிகள். இதில் ஒரு பாதியை அவ்வாறே கழுவி நீருடன் போத்தலில் இட்டனர். மற்றப் பாதியில் ஒலெயிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கி, மண்ணெண்ணெயில் எடுத்தனர். ஒலெயிக் அமிலம் அயல்நாட்டு அருமருந்தன்று. எம் சமையலறை நல்லெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் ஐந்தில் இரண்டு பங்களவு அதுவே, தேங்காயெண்ணெயிற் சிறிது. நீரில் இட்ட பாதி சில நிமிடத்திற் கட்டிகட்டியாக அடியிற் படிந்தது. மண்ணெண்ணெயில் இட்ட பாதி மை போல நின்றது. போத்தலின் கீழ்க் காந்தத்தைப் பிடித்ததும் அத்திரவமே முட்பன்றி போற் சிலிர்த்து எழுந்தது. அடுத்த தவணையில் யான் ஆய்வுகூடத்துக்குச் சென்று பார்த்தபோது நீர்ப் போத்தலிற் கருமை மங்கிக் கபிலமேறியிருந்தது. காற்றிலுள்ள ஒட்சிசன் புகுந்து மக்னற்றைற்றை மக்கெமைற்று என்னும் வேறோர் ஒட்சைட்டாக மாற்றத் தொடங்கியதன் அடையாளம் அது. அதன் காந்த வலிமை சற்றே குறைவு. எண்ணெய்ப் போத்தல் கறுப்பாகவே இருந்தது.

இவ்வித்தையின் மூலம் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையத்தில் உள்ளது. நிறையற்ற வெளியில் மிதக்கும் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து இயந்திரத்துக்கு ஊட்ட வழி தேடிய ஸ்ரீவன் பாப்பெல் என்பார், 1963இல் மக்னற்றைற்றை ஒலெயிக் அமிலத்துடன் கிழமைக்கணக்கில் அரைவையாலையில் அரைத்து இத்தகைய திரவத்தைச் செய்தார். எரிபொருளுக்கு அது பயன்படவில்லை. வேறு நூறு தொழிலுக்குப் பயன்பட்டது. அமிலம் ஈண்டு என்ன செய்கிறது? அதன் மூலக்கூறு ஒரு தலையும் நீண்ட வாலும் உடையது. தலை இரும்பைப் பற்றும். வால் எண்ணெயை நோக்கி நீளும். இரு மணிகள் நெருங்க முயன்றால் வால்கள் முட்டித் தடுக்கும். அண்டையார் அண்டையாரைப் பிடித்துக்கொள்ளாதபடி விலக்கி வைப்பதால் ஒவ்வொரு மணியும் தன்னளவில் தனித்துத் திசை மாறும். கூட்டமாய் ஒட்டிக் கிடப்பின் ஒன்றன் புலம் மற்றொன்றைக் கட்டிப்போடும், மறதி தடைப்படும்.

இதுவரை கூறியதற்குப் பூச்சு என்ற சொல் போதும் என்றே யானும் கருதினேன். சிக்கல் இதற்கப்பால் உள்ளது.

பெருங்கல்லாயுள்ள மக்னற்றைற்று, வலிய புலத்தில் முற்றாகக் காந்தமாகும்போது கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 92 ஈ.எம்.யூ. என்னும் அலகு காட்டும். நீர்ப்படிவு முறையிற் செய்த சிறு மணிகளோ பெரும்பாலும் ஐம்பது, அறுபது என்றே காட்டுகின்றன. எஞ்சியது எங்கே போயிற்று? இவ்வினாவுக்கு 1970இல் கைசர், மிஸ்கொல்சி என்னும் இருவர் ஒரு விடை தந்தனர். மணியின் புறத்தில் ஏறத்தாழ 0.8 நனோமீற்றர் தடிப்பில் ஒரு தோல் காந்தமற்றுக் கிடக்கிறது. ஒலெயிக் அமிலம் மேற்பரப்பு இரும்புடன் கூடி அதனைக் கெடுத்துவிட்டது என்பது அவர்தம் கருத்து. ஒரு நனோமீற்றரிலும் குறைந்த தோல் எவ்வளவு கெடுத்துவிடும் என வாசிப்போர் நினைக்கலாம். பத்து அங்குல விட்டமுள்ள தோடம்பழம் ஒன்றை மனத்தில் எண்ணுக. அதன் தோல் ஓரங்குலத் தடிப்பு. உரித்தபின் எஞ்சும் உள்ளீடு எட்டங்குல விட்டம். கன அளவிற் பழத்தின் நூற்றில் 51 பங்கே. பழத்தில் ஏறக்குறையப் பாதி தோலாகிவிட்டது! மணி நூறு நனோமீற்றராயின் அதே ஒரு நனோமீற்றர்த் தோல் ஆறு பங்கையே கொள்ளும். சிறியதாகச் சிறியதாகப் புறமே அகமாகிவிடுகிறது.

ஆக அமிலமே குற்றவாளி என்று ஒருவாறு தீர்ந்தது. ஆயின் மறு ஆண்டே, 1971இல், கோயி என்பவர் 6 நனோமீற்றர் அளவான மக்கெமைற்று மணிகளைக் கடுங்குளிரில், ஐந்து தெசலா என்னும் மிக வலிய புலத்தில் வைத்து ஆராய்ந்தார். அத்துணைப் பெரிய புலத்திலும் இரும்பணுக்களின் சிறுகாந்தங்கள் யாவும் நேராக நிற்கவில்லை. ஒரு பகுதி சாய்ந்தே நின்றது. அச்சாய்வு மேற்பரப்பிலுள்ள அணுக்களால் விளைவது என்றார் அவர். புறத்தார் கெட்டது பிறர் சேர்ந்ததனாலன்று. புறத்தில் நின்றதனாலேயே என்பது இதன் பொருள்.

இதனை எனக்கு விளக்குதற்கு எம் விரிவுரையாளர் பாடசாலைக் காலைக்கூட்டத்தைத் துணைக்கு அழைத்தார். “சேர், மக்னற்றைற்றில் இரும்பணுக்கள் இரண்டு அணியாக எதிரெதிர்த் திசை பார்த்து நிற்கின்றன. ஓரணி வலியது, மற்றது மெலியது. கழித்து எஞ்சுவதுதான் வெளியில் தெரியும் காந்தம். ஆனால் இரும்பும் இரும்பும் நேரே கைகோப்பதில்லை. நடுவில் ஓர் ஒட்சிசன் நின்று இருபுறமும் கைகொடுக்கிறது. அதனாலேதான் வரிசை குலையாமல் நிற்கிறது. ஓரத்தில் நிற்பவனுக்கு வெளிப்பக்கக் கையைப் பிடிக்க ஒட்சிசன் இல்லை. அவன் எந்தத் திசையைப் பார்ப்பான்?” முப்பது ஆண்டு காலைக்கூட்டங்களை மாணவனாயும் ஆசிரியனாயும் கண்ட எனக்கு ஓரத்தில் நிற்பவன் எத்திசை பார்ப்பான் என்பதை எவரும் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஒலெயிக் அமிலத்தின் தலையை நோக்குக. அத்தலையில் இருப்பவை இரண்டு ஒட்சிசன்கள். அவை ஓரத்து இரும்பைப் பற்றும்போது, அவ்விரும்புக்கு இல்லாதிருந்த கை கிடைக்கிறது. 2007இல் பார்சிலோனா, மட்ரிட் நகரங்களின் ஆய்வாளர், கொழுப்பமிலம் வலுவாகப் பிணைந்த மணிகள் சிறியவையாயினும் பெருங்கல்லை நெருங்கிய காந்தத்தைக் காட்டுவதாக அறிவித்தனர். 2012இல் சலாபிராங்கா என்பாரும் அவர்தம் குழுவினரும், தனித்தனி மணிகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து, விளிம்பில் உள்ள அணுவரிசை வரை காந்தத்தைத் தேடிப் பார்த்தனர். ஒலெயிக் அமிலம் பிணைந்த மணியின் மேற்பரப்பிற் காந்தம் அழியவில்லை. அமிலத்தின் ஒட்சிசன் சேர்ந்ததனால் புறத்து இரும்பின் சூழல் அகத்து இரும்பின் சூழலை ஒத்திருந்தது, காந்தமும் மீண்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளின் முன் கெடுத்தவன் எனப்பட்ட அதே அமிலம் இன்று காத்தவன் எனப்படுகிறது!

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்வாறு நற்பெயர் பெற்ற மணிகள் உயர்ந்த வெப்பத்திற் செய்யப்பட்டவை. அவற்றின் அகமும் ஒழுங்கானது. நீரில் அவசரமாகப் படிந்த மணிகளின் அகமே குறையுடையதாதல் கூடும். ஆகவே புகழ் முழுவதையும் அமிலத்துக்கே கொடுத்தல் நடுநிலையன்று. பழைய முடிவும் முழுப் பொய் என்று யான் சொல்லேன். கிழமைக்கணக்கில் அரைத்துச் செய்த மணியும் கொதிக்கும் கரைசலில் வளர்ந்த மணியும் ஒன்றல்ல; வன்மையான அமிலமோ மிகையான அமிலமோ இரும்பை அரித்தெடுத்தலும் உண்டு. அமிலம் ஒன்றே, விளைவு இடத்தைப் பொறுத்தது.

சிலிக்கா என்னும் மணற்பொருளால் மூடும் முறை வேறு வகையானது. அது மணியைச் சுற்றிக் கண்ணாடிச் சிமிழ் போல் வளர்கிறது. அதனால் மணிகள் ஒன்றிலிருந்து ஒன்று நன்கு விலகுகின்றன, மறதி எளிதாகிறது. ஆயின் அளவுகருவியில் இட்டால் காந்தம் வீழ்ந்தது போலத் தோன்றும். பத்து நனோமீற்றர் மணியைச் சூழ ஐந்து நனோமீற்றர்ச் சிலிக்கா வளர்த்தால் முழு விட்டம் இருபதாகும். கன அளவு எட்டு மடங்கு. சிலிக்கா இலேசானது ஆதலின் எடையில் மக்னற்றைற்று நூற்றுக்கு 27 பங்கு என்பது மாணவர் கணக்கு. கிராமுக்கு 60 காட்டியது 16 காட்டும். இது காந்தம் இழந்ததன்று; பாலில் நீர் கலந்தாற் போன்றது. பால் கெடவில்லை, கலவை மெலிந்தது. இத்துறைக் கட்டுரைகளைப் படிக்கப் புகும் மாணவர், ‘மூடியபின் காந்தம் குறைந்தது’ என்ற வாக்கியத்தைக் காணுந்தோறும், எடை கழித்துச் சொன்னதா கழியாது சொன்னதா என்று முதலிற் கேட்பாராக. மாணவர் கொணர்ந்த கட்டுரைகளிற் சில இதனைத் தெளிவாகச் சொல்லாமலே செல்கின்றன. மொழி திருத்துபவன் கண்ணுக்கு அது மன்னிக்க முடியாத மௌனம்.

இத்தனையும் கேட்டபின் சொல்லுக்கு வந்தோம். ‘பூச்சு’ என்பது வேண்டும்போது சுரண்டி எடுக்கத்தக்கது. சுவர் சுவராகவே இருக்கும். ‘போர்வை’ அதனிலும் தொடர்பற்றது. ‘உறை’ சிலிக்காவுக்குப் பொருந்தும். வாளும் உறையும் போல ஒன்றுள் ஒன்று. ஒலெயிக் அமிலத்துக்கோ இம்மூன்றும் போதா. அது பற்றுகிறது, விலக்கி வைக்கிறது, ஒட்சிசன் புகாது தடுக்கிறது, ஓரத்தவனுக்குக் கைகொடுக்கிறது. அப்பொழுது எம்மூர்க் கோயில்களிற் குடமுழுக்குக்கு முன்னர் அடியார் வரிசையில் நின்று மூர்த்திக்குச் சாத்தும் எண்ணெய்க்காப்பு நினைவுக்கு வந்தது. காப்பு என்பது எம்மிடையே கையிற் கட்டுவதுமாகும். நூலின் முதலில் வைக்கும் செய்யுளுமாகும். திருமேனியிற் சாத்தும் எண்ணெயும் சந்தனமுமாகும். புறத்தே நின்று அகத்தைப் பேணுவது என்ற ஒரே கருத்து இவற்றுள் ஓடுகிறது. அன்றியும் எம் பொருள் மெய்யாகவே எண்ணெய் சார்ந்த அமிலமாயிற்றே! ‘மேற்காப்பு’ என்று எழுதுமாறு சொன்னேன்.

மாணவர் உடன்படவில்லை. “நடுவர்களுக்கு விளங்காது சேர். புள்ளி குறைந்துவிடும்” என்றார் மூத்தவர். அஞ்சியது நியாயமே. அவர்களுக்குப் புள்ளி வேண்டும். எனக்குச் சொல் வேண்டும். இவ்வழக்கு எமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் தம் இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயரிட்டார். பின்னர் 1950களிலும் 60களிலும் இலங்கை அரசு வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் எமக்கு ஒட்சிசனையும் ஐதரசனையும் துணிக்கையையும் தந்தன. அன்று அவற்றை நகைத்தோர் பலர். இன்று அவையின்றி எம் பிள்ளைகள் பரீட்சை எழுத முடியாது. எனினும் பிறர் பிள்ளைகளின் புள்ளியைப் பணயம் வைத்துச் சொல் வளர்க்கும் உரிமை ஆசிரியனுக்கு உண்டா என்பதை அன்றிரவு நெடுநேரம் எண்ணினேன். காலையில் ஒரு வழி சொன்னேன். தலைப்பில் ‘மேற்காப்பு’ இருக்கட்டும், கீழே ஒரு வரியில், ‘இதனைப் பூச்சு எனவும் வழங்குவர், ஏன் அச்சொல் போதாது என்பதை இரு போத்தல்களும் காட்டும்’ என எழுதுக என்றேன். அவ்வண்ணமே எழுதினர். நடுவருள் ஒருவர் அவ்வரியைப் படித்துவிட்டு, ஏன் போதாது என்றே வினவினாராம். மூத்த மாணவர் காலைக்கூட்டத்து ஓரத்தவன் கதையைச் சொன்னாராம். பரிசு யாது என வினவுவோர்க்கு: இரண்டாமிடம்.

இத்துணிக்கைகள் எங்கே பயன்படுகின்றன என்பதையும் சொல்லல் வேண்டும். பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். காந்தப்புலத்தால் உடலின் உட்படம் எடுக்கும்போது ஈரலைத் தெளிவாகக் காட்டுதற்கென, தெக்ஸ்திரன் என்னும் மாப்பொருளினத்தாற் காப்பிட்ட இரும்பொட்சைட்டு மருந்தொன்றை 1996இல் அமெரிக்க அரசு ஏற்றது; சில ஆண்டுகளின் பின் அதன் விற்பனை நின்றது. 2009இல் வேறொரு வெல்லவினக் காப்புடைய இரும்பொட்சைட்டு, நீண்டகாலச் சிறுநீரக நோயாளரின் இரும்புக் குறைபாட்டுக்கு ஊசிமருந்தாக ஏற்கப்பட்டது. ஒவ்வாமையால் உயிருக்கு ஊறு நேரலாமென 2015இல் அதற்குக் கடும் எச்சரிக்கையும் இடப்பட்டது. குருதியிற் செல்லும் துணிக்கைக்கு மறதியே நலம். நினைவுள்ள துணிக்கைகள் ஒன்றையொன்று இழுத்துத் திரண்டுவிடும், காப்பில்லாதவையும் திரண்டுவிடும். படம் எடுக்கும் தொழிலிற் காப்பு மிகத் தடித்தால், அயலிலுள்ள நீர் மூலக்கூறுகள் மணியின் வலிய புலத்துக்கு எட்டாது நின்றுவிடும். படத்தின் வேறுபாடு மங்கும். ஆகவே எவ்வளவு தடிப்பு என்பது ஒவ்வொரு தொழிலுக்கும் வெவ்வேறாகத் தீர்க்கப்படுகிறது.

இவையெல்லாம் மனிதன் செய்தவை. 1975இல் பிளேக்மோர் என்பார் வடக்கு நோக்கி நீந்தும் பற்றீரியாக்களைச் சேற்றிற் கண்டு அறிவித்தார். அவற்றின் உடலுள் மக்னற்றைற்று மணிகள் மணிமாலை போல் வரிசையாய் உள்ளன. ஒவ்வொரு மணியையும் கொழுப்பாலான மென்றகடு ஒன்று சூழ்ந்திருக்கிறது. மணி பெரும்பாலும் 35 முதல் 120 நனோமீற்றர் வரை; அதாவது மறவாத அளவு. வழி தேடும் உயிருக்கு மறவாமை வேண்டுமே! இதனினும் வியப்பு ஒன்றுண்டு. அவ்வுயிரில் மென்றகடே முதலில் தோன்றுகிறது. இரும்பு அதனுட் புகுந்து பின்னரே மணியாக வளர்கிறது. எவ்வளவு வளரலாம், எவ்வுருவில் வளரலாம் என்பவற்றில் அத்தகட்டுக்குப் பங்கு உண்டு. அங்கே காப்பு முந்தியது; உடல் பிந்தியது. இதற்கு மேற்காப்பு என்னும் என் சொல்லும் போதாது. கருப்பை என்றே சொல்ல வேண்டும் போலும்.

சென்ற மாதம் அம்மாணவருள் இருவர் மீண்டும் வந்தனர். மருந்துத் துணிக்கை குருதியிற் புகுந்த சில கணத்துள் குருதியின் புரதங்கள் வந்து காப்பின்மேல் ஒட்டிக்கொள்கின்றனவாம். உடல் காண்பது நாம் இட்ட காப்பையன்று, அப்புரதப் படலத்தையே என்கின்றனர். ஆங்கிலத்தில் அதனைக் கொரோனா என வழங்குகின்றனர். தமிழில் அப்பெயரைக் கேட்டால் எவர் மனமும் 2020ஆம் ஆண்டின் நோய்க்கே ஓடும். ‘முடி’ என்றால் மயிராகிவிடுகிறது. ‘மகுடம்’ என்றால் தலைக்கு மட்டும் உரியது. ‘பரிவட்டம்’ என்றார் ஒருவர், தேர்த்திருவிழாவை நினைந்து. அகராதியை அவர்கள் கையிற் கொடுத்திருக்கிறேன். அடுத்த கிழமை மூன்று சொல்லேனும் கொண்டு வருமாறு சொல்லியிருக்கிறேன்.